சிங்கி எங்கே போயிருந்தாள்?

குற்றாலத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தண்ணீருக்காக வருகிறார்கள். ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஒரே நாளில் மூன்று குளியல். பெண்களுக்கு அருவியில் தனியாக ஒரு பகுதி. ஈரச் சேலையோடு வேனில் ஏறினால் பயணம் முடிந்தது. அந்த வேன் தாண்டிப் போகும் ஊர்களில் ஒன்று இலஞ்சி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, வயலும் தென்னையுமாகக் கிடக்கிறது. இலஞ்சி என்றால் நீர்நிலை. மகிழமரத்துக்கும் அதே பெயர் உண்டு. முகூர்த்த நாளில் குமாரர் கோயிலில் கல்யாணக் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் அமைதி.

பெரிய ஊர்களை விட்டுவிட்டுச் சிறிய ஊர்களுக்குப் போங்கள், பழைய பண்பாடு அங்கேதான் மிச்சமிருக்கிறது என்பது இப்போது பயணம் பற்றி எழுதுகிற எல்லோரும் சொல்லும் யோசனை. ஜப்பானுக்குப் போகிறவளிடம் கியோட்டோவில் கூட்டம், கானாசாவாவுக்குப் போ என்கிறார்கள். நம் பக்கம் மதுரையில் கூட்டம், தென்காசிக்குப் போ என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் சிறிய ஊரில் மிச்சமிருப்பதாகச் சொல்லப்படும் அந்தப் பண்பாட்டை யார் சுமந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று கேட்டால் யோசனை சொன்னவர்களிடம் பதில் இருப்பதில்லை. இலஞ்சியைச் சுற்றி ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இங்கே அதற்குப் பதில் சொல்ல ஒரு பெண் இருக்கிறாள். அவள் கற்பனைப் பாத்திரம் என்பது மட்டும்தான் சிக்கல்.

முதலில் கல். தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டினான். அங்கே அவனுடைய வேண்டுகோள் ஒன்று பாட்டாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கோயில் பழுதடையும் காலத்தில் யார் இதைச் சீர்செய்கிறார்களோ அவர்கள் காலில் நான் இப்போதே விழுகிறேன் என்பது அதன் பொருள். அரசன் ஒருவன் இன்னும் பிறக்காதவர்கள் காலில் விழுந்தது அபூர்வம்தான். அது வீண்போகவும் இல்லை: இடிந்து நெடுங்காலம் நின்ற கோபுரத்தை ஒன்பது நிலைகளோடு எழுப்பி 1990இல் குடமுழுக்குச் செய்தார்கள். கோபுர வாசலில் எப்போதும் வீசும் காற்றை அனுபவித்துவிட்டு உள்ளே போனால் முன் மண்டபத் தூண்களில் ரதியும் காளியும் ஆள் உயரத்துக்கு நிற்கிறார்கள். கல்லில் ஆடுகிற பெண்களைப் பார்க்க முடிகிறது. அந்தக் கல்லுக்கு முன்னால் ஆடிய பெண்களைப் பற்றிக் கேட்டால் வழிகாட்டிகள் பேச்சை மாற்றுவார்கள்.

பிறகு சுவர். குற்றாலநாதர் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, அருவிக் கூட்டத்தின் இரைச்சல் எட்டும் தொலைவில் சித்திர சபை இருக்கிறது. நடராசருக்குச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு இரத்தினம். குற்றாலத்தில் மட்டும் ஓவியம். உலோகத் திருமேனியாக அல்லாமல் சுவரோவியமாகவே நடராசர் இங்கே வழிபடப்படுகிறார். அருவியில் குளித்தவர்களில் மிகச் சிலரே இங்கே வருகிறார்கள். எனக்கு இந்த வட்டாரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மார்கழித் திருவாதிரை சமயத்தில் வந்தால் இன்னும் நல்லது. சீசன் கூட்டம் இருக்காது.

இனி பாட்டு. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கும் மேலகரத்தில் பிறந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதியதுதான் திருக்குற்றாலக் குறவஞ்சி. 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் இதற்காக அவருக்கு நிலம் கொடுத்தார் என்றும், அந்த நிலத்துக்கே குறவஞ்சி மேடு என்று பெயர் வந்தது என்றும் நூல் வரலாறு சொல்கிறது. கதை எல்லோருக்கும் தெரிந்ததே. பந்தாடிக்கொண்டிருக்கும் வசந்தவல்லி, உலா வரும் குற்றாலநாதரைப் பார்த்து மயங்குகிறாள். தோழியைத் தூது அனுப்புகிறாள். அப்போது கூடையோடு குறத்தி வருகிறாள். கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள். பரிசு பெறுகிறாள். அவளைத் தேடி அவள் கணவன் சிங்கன் வருகிறான்.

பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது பெரும்பாலும் குறத்தியின் மலை வருணனைதான்: குரங்குகள், அருவித் திவலை, தேன். வசந்தவல்லி கேட்கக் கேட்கக் குறத்தி தன் மலையையும் நாட்டையும் ஆற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். குற்றாலத்துக்கு எழுதப்பட்ட மிகப் பழைய பயண வழிகாட்டி என்று அந்தப் பகுதியைச் சொல்லலாம். அது ஒரு பெண்ணின் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது. வைத்தவர் ஆண் என்பதையும், எல்லாப் பெண்களின் ஆசையும் கடைசியில் கோயில் தலைவனிடம் போய்ச் சேரவேண்டும் என்பது இந்த இலக்கிய வகையின் நிபந்தனை என்பதையும் மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் வசந்தவல்லி மாளிகை முற்றத்தில் நிற்கிறாள், குறத்தி நடக்கிறாள். ஊரைத் தெரிந்துகொள்ள வீட்டுப் பெண்ணுக்கு இருக்கும் ஒரே வழி, நடக்கிற பெண்ணிடம் கேட்பதுதான்.

சிங்கனும் சிங்கியும் சந்திக்கும் பகுதி கடைசியில் வருகிறது. சிங்கன் ஒருவழியாகச் சிங்கியைக் கண்டுபிடிக்கிறான். அவன் பறவை பிடிக்கப் போனவன்; வலையில் ஒன்றும் பெரிதாக விழவில்லை. கண்டதும் அவன் கேட்கும் முதல் கேள்வி, இத்தனை நாளும் தன்னிடம் சொல்லாமல் எங்கே போயிருந்தாய் என்பது. பெண்களுக்குக் குறி சொல்லப் போயிருந்தேன் என்கிறாள். ஊருக்குப் போய்த் திரும்பிய எந்தப் பெண்ணும் வாசற்படியில் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. சிங்கி சொன்ன பதில் அவ்வளவு சுலபமாக எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வேலைக்குப் போனேன், அவ்வளவுதான்.

அவனுக்கு ஆறவில்லை. அவள் உடம்பில் புதிதாக ஏதேதோ தெரிகின்றன. பார்க்கப் பயமாக இருக்கிறது என்கிறான். பயப்படாமல் கேள் என்று அவளே தைரியம் சொல்கிறாள். காலில் விரியன் பாம்பு சுற்றியிருக்கிறதே என்கிறான். அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு. சிறுவிரலில் ஏதோ பூச்சி சுருண்டிருக்கிறதே. அது கண்டி தேசத்தில் முன்பு பெற்ற கால்விரல் மோதிரம். தொடையில் வாழைக் குருத்தை யார் விரித்தது? நெல்வேலிக்காரர்கள் கொடுத்த மெல்லிய சல்லாச் சேலை. மார்பில் கொப்புளம்? காயல்காரர்கள் தந்த முத்தாரம். கழுத்தில் பாம்புகள்? காயங்குளத்தார் முதலானோர் இட்ட சவடி. மேலே, மேலே என்று அவன் கண் ஏறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு உறுப்பிலும் அவனுக்குப் பாம்பும் பூச்சியும் தெரிகிறது. அவள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரின் பெயரையும் ஒரு கூலியையும் சொல்கிறாள்.

மேடையில் இது சிரிப்புக் காட்சி. கூட்டம் சிங்கனின் அறியாமையைப் பார்த்துச் சிரிக்கும்; அந்தச் சிரிப்பில் குறவர்கள் நகையே அறியாதவர்கள் என்ற ஏளனமும் கலந்திருக்கிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தால் ஒரு வரைபடம் கிடைக்கும். வடக்கே சேலம், தெற்கே கடல் தாண்டிக் கண்டி, கிழக்கே முத்துக்குப் பேர்போன காயல், மேற்கே மலையைக் கடந்து காயங்குளம். குற்றாலத்தை நடுவில் வைத்து ஒரு பெண் தன் சம்பாத்தியத்தால் வரைந்த வரைபடம். அரசர்களின் மெய்க்கீர்த்திகளும் இப்படித்தான் ஊர்ப்பெயர்களை அடுக்கும். அவை வென்ற ஊர்கள். சிங்கியினுடையவை கூலி கொடுத்த ஊர்கள்.

அந்தப் பட்டியலில் ஓர் இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். செத்த தவளையைக் காலில் கட்டியிருக்கிறாயே என்று சிங்கன் கேட்கும்போது, இது குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் கொடுத்த கெச்சம் என்கிறாள். கெச்சம் என்பது சதங்கை. கோயிலில் ஆடிய பெண்கள், ஊர் ஊராக நடந்த பெண்ணுக்குத் தங்கள் தொழிற்கருவியைக் கொடுத்திருக்கிறார்கள். தென்காசிக் கல்வெட்டில் அரசன் இருக்கிறான். குறவஞ்சி மேட்டில் கவிராயர் இருக்கிறார். குற்றாலத்தில் ஆடிய பெண்கள், இந்தப் பாட்டைப் பொறுத்தவரை, ஒரு குறத்தியின் கணுக்காலில் இருக்கிறார்கள்.

எல்லா ஊரிலும் இப்படியல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியபோது ஒவ்வொருத்தியின் பெயரும், வந்த ஊரும், தெருவும், வீடும், ஒரு பங்குக்கு நூறு கலம் நெல்லும் கல்லில் வெட்டப்பட்டன. தேவரடியார், பதியிலார் என்ற பெயர்களில் பெண்கள் கோயிலுக்குத் தானம் கொடுத்த செய்திகளும் சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. லெஸ்லி ஓர் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். தானம் கொடுக்கும் நிலையில் இருந்தவர்களைக் குறித்த சொல்தான் பிறகு தமிழின் மிக இழிந்த வசையாக மாறியது. தேவரடியார் என்ற சொல் தெருச்சண்டைக்கு இறங்கி வந்த பாதையை எழுதினால் அதுவே தமிழ்ப் பெண்களின் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம் ஆகும்.

இங்கிருந்து சட்டங்களின் கதை. குறவஞ்சியில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு வகைப் பெண்களையும், ஆடுகிறவளையும் நடக்கிறவளையும், பிரிட்டிஷ் ஆட்சியில் சட்டம் தேடி வந்தது.

நடக்கிறவளை முதலில். 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. அதன் பட்டியலில் குறவர் பிரிவினர் சேர்க்கப்பட்டார்கள். பதிவு, கைரேகை, காவல் நிலையத்தில் ஆஜர், ஊரைவிட்டுப் போக அனுமதிச் சீட்டு. உப்பையும் தானியத்தையும் மாடுகளில் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள் இவர்கள். உப்பு அரசின் ஏகபோகமானதும் இரயில் வந்ததும் அந்தப் பிழைப்பை எப்படி அழித்தன என்பதை மீனா ராதாகிருஷ்ணா விரிவாக எழுதியிருக்கிறார். பிழைப்பு போன பிறகு நடை மட்டும் மிஞ்சியது, நடையே குற்றமானது. குறி சொல்வதும் கூடை விற்பதும் வீடுகளை வேவு பார்க்கும் சாக்கு என்று காவல்துறைக் குறிப்புகளில் பதிவானது. எங்கே போயிருந்தாய் என்ற சிங்கனின் கேள்வியை இப்போது போலீஸ்காரர் கேட்டார். காலில் இருக்கும் சிலம்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு, சேலத்தில் குறி சொல்லிப் பெற்றேன் என்ற பதில் இனிச் செல்லாது.

அடுத்து ஆடுகிறவள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியால் 1929இல் கோயில் மானிய நிலங்கள் பொட்டுக்கட்டிய பெண்களின் கோயில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டன. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்டார். முத்துலட்சுமியின் தாய் அந்த மரபிலிருந்து வந்தவர். இராமாமிர்தம் தானே தேவதாசி வீட்டில் வளர்ந்தவர். விலகி நின்று தீர்ப்புச் சொன்னவர்கள் அல்லர். அதே சமயம் பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் எதிர்த்தார்கள். எங்கள் சொத்துரிமையும் கலையும் என்ன ஆகும் என்று தேவதாசிச் சங்கங்கள் மனுக் கொடுத்தன. சிறுமிக்குப் பொட்டுக்கட்டுவது நிற்கவேண்டியது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதை நிறுத்தியபோது அந்தப் பெண்களின் கையிலிருந்த வித்தைக்கு ஒரு வேலையோ, அவர்கள் பெயருக்கு ஒரு மரியாதையோ ஏற்பாடு செய்யாமல் விட்டதை நியாயப்படுத்தவும் முடியவில்லை.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு விசித்திரம் உண்டு. இலஞ்சியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. திருவிதாங்கூரில் மகாராணி சேது லட்சுமி பாயின் ஆட்சிக் காலத்திலேயே (1924–1931) கோயில்களில் தேவதாசி முறை நிறுத்தப்பட்டது. சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் 1947இல்தான் வந்தது. ஆக, பல வருடங்களுக்கு ஒரு வாய்க்கால் தாண்டினால் வேறு சட்டம். அதே 1947இல்தான் சென்னை மாகாணம் குற்றப் பரம்பரைச் சட்டத்தையும் நீக்கியது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் என்ற புதிய பெயரில் இன்னொரு சட்டம் வந்தது வேறு கதை.

இந்த இரண்டு சட்டங்களுக்கும் மூன்று ஆண்டுகள் முன்பு, 1944இல், ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். அதை அமைக்க அவருக்குத் துணை நின்றவர்களில் காரைக்கால் சாரதாம்பாள் பரம்பரைக் கலைஞர் மரபிலிருந்து வந்தவர். நாடகம் பெரும் புகழ் பெற்றது, இன்றும் ஆடப்படுகிறது. அழகான ஆக்கம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆண்டின் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்னை மேடையில் நல்ல குடும்பத்துப் பெண்கள் குறத்தி வேடம் கட்டிக் கூடையோடு நடக்கிறார்கள். அதே மாகாணத்தில் குறவர் குடும்பங்கள் காவல் நிலையப் பதிவேட்டில் இருக்கின்றன. மேடையில் சதங்கை ஒலிக்கிறது. அதைச் சிங்கிக்குக் கொடுத்த சந்நிதிப் பெண்களின் வழிவந்தவர்கள் தங்கள் குலத்தை வெளியில் சொல்லாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். மரபு காப்பாற்றப்பட்டது. அதை வைத்திருந்தவர்கள் கூட வரவில்லை.

கானாசாவாவை மறுபடி நினைத்துக்கொள்ள இதுதான் இடம். அங்கே ஹிகாஷி சாயா என்ற பகுதியில் 1820இல் அரசு அனுமதியோடு அமைந்த தேநீர் விடுதிகளின் தெரு அப்படியே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழாத நகரம் என்பதால் மர வீடுகள் தப்பின. 'ஷிமா' என்ற கெய்ஷா வீடு இப்போது அருங்காட்சியகம். சீப்பும் கொண்டை ஊசியும் ஷமிசென் என்ற இசைக்கருவியும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. கூட்டமில்லாத ஊரைத் தேடி வரும் பயணி அங்கே பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பெண்களின் உலகத்தைத்தான். அதைச் சொர்க்கமாக்க வேண்டாம். முன்பணத்துக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட ஏழைச் சிறுமிகள் அந்த வீடுகளில் வளர்ந்தார்கள்; 1872இல் அவர்களை விடுவிப்பதாக அரசு ஆணை போட்ட பிறகும் அந்த ஒப்பந்தங்கள் வேறு பெயரில் தொடர்ந்தன. ஆனால் அங்கே தெரு இருக்கிறது, வீடு இருக்கிறது, கலைக்குரிய பெயரும் இருக்கிறது; போகிறவள் அந்தச் சிறுமிகளைப் பற்றிக் கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. நாம் இந்தப் பெண்களின் வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்ததும், அவர் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து கவிதை பேசியதும் ஊரறிந்த இலக்கிய வரலாறு. அந்தக் கவிதையைக் காலில் சதங்கை கட்டிக் கொண்டுவந்தவர்களுக்கு அப்படி ஒரு வீடு இல்லை.

குறத்தியின் கதை அதோடு முடியவில்லை. கிராமத் திருவிழாக்களில் ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டம் காலப்போக்கில் ஆபாசக் கேளிக்கையாகச் சுருங்கியது. அதில் ஆடியவர்கள் பெரும்பாலும் குறவர்கள் அல்லர். ஆனால் இழிவு குறவர் பெண்கள் மேல் விழுந்தது. அந்தச் சமூகத்தினர் நீதிமன்றம் வரை போனார்கள். 2023இல் அந்தப் பெயரில் ஆட்டம் நடத்தத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. தங்கள் பெயரைத் தங்கள் கையில் வாங்கிக்கொள்ள அவர்களுக்கு இவ்வளவு காலம் ஆனது. கலை அழிகிறதே என்று கவலைப்பட்டவர்கள் சிலர் உண்டு. அதே கவலையோடு அவர்கள் சாதிச் சான்றிதழுக்கு அலையும் குறவர் பெண்களின் பின்னாலும் கொஞ்சம் நடந்திருக்கலாம்.

இலஞ்சிக் குமாரர் கோயிலில் முருகனோடு வள்ளி நிற்கிறாள். தினைப்புனம் காத்த குறவர் மகள். குறத்தியாகப் பிறந்தவள் கருவறையில் இருக்கிறாள், பட்டுச் சேலை, மாலை, அவள் முன்னால் நாள் பார்த்துத் தாலி கட்டுகிறார்கள். குறத்தியைத் தெய்வமாக்கலாம், நாயகியாக்கலாம், வேடம் கட்டி ஆடலாம். தானாக நடந்து வந்தால் மட்டும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

பயணம் போகத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில விவரங்கள். சென்னையிலிருந்து பொதிகை விரைவு வண்டி இரவில் ஏறினால் காலையில் தென்காசி. 2019 முதல் இது தனி மாவட்டத்தின் தலைநகர், பேருந்துக்குக் குறைவில்லை. தென்காசிக் கோயிலில் காலை வெயில் ஏறும் முன் தூண்களைப் பார்த்துவிடுங்கள். இலஞ்சி, மேலகரம், குற்றாலம் எல்லாம் ஒரே டவுன் பஸ் தூரம்தான். தனியாகப் போகும் பெண்ணுக்கும் கஷ்டமில்லை, சீசன் ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் தவிர்த்தால் போதும். திருக்குற்றாலக் குறவஞ்சியின் உரையுள்ள மலிவுப் பதிப்புகள் கிடைக்கின்றன. பையில் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சித்திர சபையைப் பார்த்துவிட்டு வெளியே உட்கார்ந்து, முன்பகுதியைப் புரட்டிவிட்டு, நேராகச் சிங்கனும் சிங்கியும் பேசும் இடத்துக்குப் போங்கள். இரண்டு பேராகப் போனால் ஆளுக்கொரு குரலாக வாய்விட்டுப் படிக்கலாம். அது படிப்பதற்கல்ல, ஆடிப் பாடுவதற்கு எழுதப்பட்டது. சிங்கன் குரல் யாருக்கு என்பதில் சண்டை வரும். சதங்கை வரும் இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.